ஒரு பெட்டி, அறுபது ஆட்டம்



இரண்டு வாரமாக இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. இன்டர்னல் தேர்வு. (மார்க் எவ்வளவு என்று யாரும் கேட்கக்கூடாது.) ஆனால் அந்தத் தேர்வுக்குப் படித்த ஒரு பாடம்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. பி.காம் மக்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் இயந்திரத்தின் மதிப்பு வருஷா வருஷம் ஏன் குறைகிறது என்று காரணங்களை வரிசையாக எழுதச் சொல்வார்கள். உழைத்து உழைத்துத் தேய்வது ஒன்று. காலம் கடந்து போவது இன்னொன்று. அதாவது இயந்திரம் நன்றாகவே ஓடும், ஆனால் அது செய்யும் வேலை யாருக்கும் வேண்டாம். இதற்கு எல்லாரும் தட்டச்சு இயந்திரத்தை உதாரணமாக எழுதினார்கள். நான் ஆர்கேட் கேபினெட் என்று எழுதினேன். பேப்பர் திருத்திய மேடம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மேடம், அந்தக் கேள்விக்குறிக்கான பதில்தான் கீழே வருவது. :-)

பெட்டி வேறு, ஆட்டம் வேறு

ஆர்கேட் கேபினெட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஆள் உயர மரப்பெட்டி. உள்ளே டிவி மாதிரி ஒரு பிக்சர் டியூப், கையில் பிடிக்க ஜாய்ஸ்டிக், சில பட்டன்கள், கீழே காசு போடும் துளை. தலைக்கு மேலே ஆட்டத்தின் பெயர் எழுதி, பின்னால் விளக்கு எரியும் ஒரு பலகை. இரண்டு பக்கப் பலகைகளிலும் பெரிய வண்ணப் படம். இதையெல்லாம் ஆட்டுவிப்பது உள்ளே இருக்கும் ஒரு சர்க்யூட் போர்டு. ஆட்டம் என்பது அந்த போர்டுதான்.

அமெரிக்காவில் 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் இது பெரிய தொழில். பெட்டியைத் தயாரிப்பது ஒரு நிறுவனம். அதை விலை கொடுத்து வாங்குகிறவர் ஆபரேட்டர். அவர் அதைக் கொண்டுபோய் ஒரு பீட்சா கடையிலோ மதுக்கடையிலோ நிறுத்துவார். ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட் நாணயம். விழும் காசை ஆபரேட்டரும் கடைக்காரரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இப்போது நம் பாடத்துக்கு வாருங்கள். புதுப் பெட்டி 2,000 டாலருக்கும் மேல். மரமும் டியூபும் பவர் சப்ளையும் காசுப் பெட்டியும் பல வருஷம் தாங்கும். ஆனால் அதில் ஓடும் ஆட்டம்? சில மாதங்களில் பையன்களுக்கு அத்துப்படி ஆகிவிடும். ஒரே காசில் ஒரு மணி நேரம் ஆடுவார்கள், அல்லது அலுத்துப்போய் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடுவார்கள். இரண்டிலுமே ஆபரேட்டருக்கு வரும்படி விழுந்துவிடும்.

ஆக, பத்து வருஷம் தாங்கும் நிலையான சொத்துக்குள் ஆறு மாதத்தில் கெட்டுப்போகும் சரக்கு. இந்தப் பொருத்தமில்லாத கல்யாணம்தான் நம் கதையின் மூலம். பழைய ஆர்கேட் பெட்டியைப் பிரித்து உள்ளே பல ஆட்டம் ஓட வைப்பதை இணையகாலப் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால், அது இந்தத் தொழிலோடு கூடவே பிறந்த பழக்கம்.

விற்காமல் கிடந்த 2,000 பெட்டிகள்

1980ல் நிண்டெண்டோ அமெரிக்காவில் கிளை திறந்தது. பொறுப்பில் இருந்தவர் மினோரு அரகாவா, நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் மருமகன். ஜப்பானில் நன்றாக ஓடிய ரேடார் ஸ்கோப் என்ற சுடும் ஆட்டத்தை நம்பி 3,000 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். சரக்கு கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த வகை ஆட்டத்தின் மோகம் தணிந்துவிட்டது. சுமார் 1,000 பெட்டி விற்றது. மீதி 2,000 கிடங்கில் தூங்கியது.

கிளையையே மூட வேண்டிய நிலை. மாமனாரிடம் உதவி கேட்டார் மருமகன். புதுப் பெட்டி அனுப்பக் காசில்லை. அதனால் யமாவுச்சி எடுத்த முடிவு இது: பெட்டி அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கும் ஆட்டத்தை மட்டும் மாற்றுவோம். அந்த வேலை போய்ச் சேர்ந்தது அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தலைமையேற்று வடிவமைக்காத ஓர் இளம் ஓவியரிடம். அவர் பெயர் ஷிகேரு மியாமோட்டோ. அவர் செய்த ஆட்டம் டாங்கி காங். அதில் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி ஓடும் குள்ள மீசைக்காரர்தான் பின்னாளில் மாரியோ.

1981ல் ஜப்பானிலிருந்து மாற்று போர்டுகளும் ஸ்டிக்கர்களும் வந்தன. அரகாவா, அவர் மனைவி, கூட விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர். இவர்களே கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு ரேடார் ஸ்கோப்பையும் பிரித்து டாங்கி காங்காக மாற்றினார்கள். டாங்கி காங் பெட்டி என்றால் நீல நிறம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் முதலில் வந்தவை சிவப்பு. ஏன் என்றால் ரேடார் ஸ்கோப் பெட்டிகள் சிவப்பு. அவ்வளவுதான் காரணம்!

அந்த 2,000 பெட்டியும் விற்று, மேற்கொண்டு பல்லாயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. வீடியோ கேம் வரலாற்றின் மிகப் பிரபலமான கதாநாயகன் பிறந்தது தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவதற்காக. இதைப் படித்த அன்று சரக்கிருப்பு மேலாண்மைப் பாடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அன்று அவ்வளவு பெட்டி மாற்றப்பட்டதால், இன்று அசல் ரேடார் ஸ்கோப் பெட்டி கிடைப்பது மிக அரிது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மூன்று பெட்டியும் இரண்டு மாணவர்களும்

நிண்டெண்டோ தன் பெட்டியைத் தானே மாற்றியது. அதே 1981ல், அடுத்தவன் பெட்டியை மாற்றலாமா என்ற கேள்வியும் வந்துவிட்டது. வந்தது யாரால் என்றால், நம்மைப் போன்ற மாணவர்களால்.

டக் மக்ரே, கெவின் கரன். இருவரும் எம்.ஐ.டி மாணவர்கள். (குரோம்பேட்டை இல்லை மக்களே, மாசசூசெட்ஸ்.) படித்துக்கொண்டே விடுதியில் ஆர்கேட் பெட்டி வைத்துக் காசு பார்த்தவர்கள். அவர்களிடம் அடாரி நிறுவனத்தின் மிசைல் கமாண்ட் பெட்டி மூன்று இருந்தது. 1980ல் வந்த அருமையான ஆட்டம். ஆனால் விடுதிப் பசங்களுக்குப் பழகிவிட்டது, வசூல் இறங்கிவிட்டது. புதிதாக வாங்கினால் மறுபடி ஆயிரக்கணக்கில் செலவு.

நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலை செய்தார்கள். மிசைல் கமாண்ட் போர்டோடு பொருத்தக்கூடிய ஒரு சின்ன போர்டு. பொருத்தினால் அதே ஆட்டம் இன்னும் வேகமாக, இன்னும் கடினமாக, புது எதிரிகளோடு வரும். பெயர் சூப்பர் மிசைல் அட்டாக். விலை 295 டாலர். பெட்டி புதிதாக வாங்குவதோடு ஒப்பிட்டால் கொசுறு. ஆயிரம் அளவில் விற்றது. ஜெனரல் கம்ப்யூட்டர் என்று ஒரு நிறுவனமே தொடங்கிவிட்டார்கள்.

அடாரி சும்மா இருக்குமா? வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு 1.5 கோடி டாலர். மாணவர்கள் பயந்து ஓடவில்லை. எங்கள் போர்டு உங்கள் போர்டின் நகல் இல்லை, உங்கள் பெட்டியை விலை கொடுத்து வாங்கியவர் அதில் கூடுதலாக ஒன்றைச் செருகுகிறார், அவ்வளவுதானே என்று நின்றார்கள். கடைசியில் அடாரி வழக்கைத் திரும்பப் பெற்று, அவர்களையே தனக்கு ஆட்டம் செய்துகொடுக்கும்படி ஒப்பந்தம் போட்டது. கேஸ் போட்டவனே வேலை கொடுத்த கதை!

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இனி இந்த மாதிரி மாற்று போர்டு விற்பதானால், மூல ஆட்டத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். அப்போது அவர்கள் கையில் பாக்-மேனுக்காகச் செய்த ஒரு மாற்று போர்டு ஏறக்குறையத் தயாராக இருந்தது. பெயர் கிரேஸி ஆட்டோ. அதை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் பாக்-மேனை விற்ற மிட்வே நிறுவனத்திடமே நேராகப் போய்விட்டார்கள். மிட்வேக்குப் பிடித்துவிட்டது. கொஞ்சம் மாற்றி, ரிப்பன் கட்டி, 1982ல் வெளியிட்டது. அதுதான் மிஸ் பாக்-மேன். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேல் பெட்டி விற்ற ஆட்டம். இன்றும் ஒரு பழைய மிஸ் பாக்-மேன் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது பாக்-மேன் போர்டும் அதன் மேல் செருகிய ஒரு துணை போர்டும்தான்.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆர்டிக் என்ற நிறுவனம் கேலக்ஸியன் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டும் போர்டு விற்றது. மிட்வே வழக்குப் போட்டது. 1983ல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்வே பக்கம் தீர்ப்பு சொன்னது. மெதுவாகச் சுற்ற வேண்டிய இசைத்தட்டை ஒருவர் வீட்டில் வேகமாகச் சுற்ற விட்டால் அது குற்றமா என்பதைக்கூட நீதிமன்றம் யோசித்துப் பார்த்திருக்கிறது. இசைத்தட்டை வேகமாக ஓட்டினால் அதற்குத் தனிச் சந்தை கிடையாது. ஆனால் வேகமான ஆட்டத்துக்குக் காசு போட ஆள் உண்டு, ஆகவே அது மூலத்திலிருந்து பிறந்த வேறொரு படைப்பு, உரிமையாளரின் அனுமதி வேண்டும். சுருக்கமாக இதுதான் தீர்ப்பின் போக்கு. கவனித்தீர்களா? பெட்டி ஆபரேட்டருடையது, ஆட்டம் அவருடையது இல்லை. பெட்டி வேறு, ஆட்டம் வேறு என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டுவிட்டது.

நிறுவனங்களே இறங்கின

அதற்குள் தொழில் சரிய ஆரம்பித்தது. 1981, 82ல் கடன் வாங்கிப் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்த ஆபரேட்டர்கள் அடுத்த வருஷங்களில் வசூல் இல்லாமல் திண்டாடினார்கள். தெருவுக்குத் தெரு முளைத்த ஆர்கேட்கள் மூடப்பட்டன. யாரிடமும் புதுப் பெட்டி வாங்கப் பணமில்லை. எல்லாரிடமும் பழைய பெட்டி இருந்தது. சந்தை இப்படி இருந்தால் எதை விற்க வேண்டும்? கிட்.

ஒரு கிட்டில் புது போர்டு, ஒயர்கள், மேல் பலகை, பட்டன் பலகைக்கான ஸ்டிக்கர், பக்கப் படத்தின் மேல் ஒட்ட ஏதாவது ஒரு படம், ஒரு குறிப்புத் தாள் இருக்கும். விலை சில நூறு டாலர். மாலை கடை மூடிய பிறகு ஒரு மெக்கானிக் உட்கார்ந்தால் காலையில் புது ஆட்டம். பழைய பக்கப் படத்தின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவார்கள். கையால் வரைந்து, பட்டுத்திரை முறையில் அச்சிட்ட எத்தனையோ அழகான படங்கள் இப்படித்தான் ஒரு கோட் பெயின்டில் மறைந்தன.

மாற்றுவதற்கென்றே கருவியை வடிவமைக்கும் யோசனையும் வந்தது. ஜப்பானின் டேட்டா ஈஸ்ட் 1980லேயே கேசட் முறையைக் கொண்டுவந்தது. போர்டை மாற்ற வேண்டாம், பாட்டு கேசட் மாதிரி ஒரு டேப்பைப் போட்டால் போதும். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஆட்டம் ஏறவே சில நிமிஷங்கள் ஆகும், டேப்பும் சீக்கிரம் பழுதாகும். 1984ல் நிண்டெண்டோவின் விஎஸ் சிஸ்டம் வந்தது. சில்லுகளை மாற்றினால் வேறு ஆட்டம். பழைய டாங்கி காங் பெட்டிக்குள் பொருத்தவே இதற்குக் கிட் விற்றார்கள்.

1986ல் வந்த பிளேசாய்ஸ்-10 இன்னும் ஒரு படி மேலே. ஒரே பெட்டியில் பத்து ஆட்டம் வரை. மேலே ஒரு சின்னத் திரையில் பட்டியல், கீழே ஆட்டம். வேடிக்கை என்னவென்றால் இதில் காசு போட்டால் கிடைப்பது உயிர் இல்லை, நேரம். ஓர் ஆட்டம் பிடிக்கவில்லையா, மீதி நேரத்தில் வேறொன்றுக்குத் தாவலாம். கேபிள் டிவி ரிமோட் மனநிலை ஆர்கேடுக்குள் நுழைந்த இடம் இது என்பேன்.

56 இணைப்புகள்

இவ்வளவு இருந்தும் ஒரு தலைவலி தீரவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் போர்டுக்கும் ஒயர் அமைப்பு வேறு வேறு. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் சால்டரிங் இரும்பை எடுக்க வேண்டும். இதற்கு 1980களின் நடுவில் ஜப்பானிய தயாரிப்பாளர்களின் சங்கமான ஜாமா ஒரு பொது அளவுகோல் கொண்டுவந்தது. போர்டின் ஓரத்தில் 56 இணைப்புகள், பக்கத்துக்கு 28. மின்சாரம் இதில், படம் இதில், ஸ்பீக்கர் இதில், காசு விழுந்த சமிக்ஞை இதில், இரண்டு ஆட்டக்காரர்களின் ஜாய்ஸ்டிக், ஆளுக்கு மூன்று பட்டன் இதில் என்று எல்லாவற்றுக்கும் இடம் குறித்தார்கள். தலைகீழாகச் செருகாமல் இருக்க ஒரு வெட்டு வேறு.

அவ்வளவுதான், வேலை முடிந்தது. பழைய போர்டை உருவு, புது போர்டைச் செருகு, மேல் பலகையை மாற்று. டியூப்லைட் மாற்றுகிற மாதிரி. 1991ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆளுக்கு ஆறு பட்டன் கேட்டபோதும் யாரும் கலங்கவில்லை. கூடுதல் மூன்றுக்கு மட்டும் தனியாக ஓர் ஒயர் இழுத்தார்கள்.

நம் ஊரில் 90களில் வீடியோ கேம் கடைக்குப் போன அண்ணன்மார்களைக் கேளுங்கள், "முஸ்தபா கேம்" என்பார்கள். கேப்காம் 1993ல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான் அது. தலையில் தொப்பி வைத்த முஸ்தபா அதில் ஒரு பாத்திரம். ஆட்டத்தின் பெயரே தெரியாமல் ஒரு நாடே அதை ஆடியிருக்கிறது. அசல் பெட்டி, அசல் படம் எதுவும் இல்லாமல் போர்டு மட்டும் ஊர் ஊராகப் போக முடிந்த காலம் அது.

1990ல் ஜப்பானின் எஸ்.என்.கே நியோ ஜியோவைக் கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜ் முறை, சில பெட்டிகளில் ஒரே சமயம் ஆறு கார்ட்ரிட்ஜ் வரை. ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த ஆட்டம். 2004 வரை அதற்குப் புது ஆட்டம் வந்துகொண்டிருந்தது. 14 வருஷம்! ஆறு மாதச் சரக்கும் பத்து வருஷப் பெட்டியும் என்று தொடங்கினேனே, அந்தப் பிரச்சினையைச் சரியாகத் தீர்த்த நிறுவனம் இதுதான் என்பது என் கருத்து.

ஆட்டம் பெட்டியை விட்டே வெளியேறியது

1990களின் கடைசியில் ஆபரேட்டர்கள் பழைய பெட்டிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவர்கள் அந்த ஆட்டங்களோடு வளர்ந்து, இப்போது வேலைக்குப் போய், வீட்டில் ஒரு கராஜும் வைத்திருந்தவர்கள்.

அதே சமயம் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரி 5ல் ஒரு மென்பொருளை வெளியிட்டார். பெயர் மேம். பழைய ஆர்கேட் போர்டில் இருக்கும் ஒவ்வொரு சில்லும் எப்படி வேலை செய்யுமோ அப்படியே கம்ப்யூட்டருக்குள் நடித்துக் காட்டும் நிரல். போர்டின் சில்லில் இருக்கும் ஆட்டத்தை நகலெடுத்து இதற்குக் கொடுத்தால், தான் அசல் போர்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது ஓடும். (மேம் சட்டப்படி சரி. ஆட்டத்தின் நகல்கள் பெரும்பாலும் இன்றும் காப்புரிமைக்குள் இருப்பவை. காமர்ஸ் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியாது.)

கராஜில் காலிப் பெட்டி, மேஜையில் கம்ப்யூட்டர். இரண்டையும் சேர்க்க ஆசை வராமல் இருக்குமா? ஆனால் சேர்ப்பது சுலபமாக இல்லை.

முதல் சிக்கல் பட்டன். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கீபோர்டு மட்டும். அதனால் ஒரு பழைய கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் போர்டில் ஜாய்ஸ்டிக் ஒயர்களைச் சால்டர் செய்தார்கள். மேலே தள்ளினால் மேல் அம்புக்குறி. ஆனால் சாதாரண கீபோர்டில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் குழம்பிவிடும். இரண்டு பேர் சண்டை ஆட்டம் ஆடினால் ஒருவர் குத்து காற்றில் போகும். பிறகு இதற்கென்றே தனி போர்டுகள் விற்பனைக்கு வந்தன.

இரண்டாவது சிக்கல் திரை. ஆர்கேட் டியூப் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 15,700 கோடுகள் வரையும். கம்ப்யூட்டர் அனுப்புவது சுமார் 31,500. அப்படியே இணைத்தால் படம் சிதறும், பழைய டியூப் சர்க்யூட் கெட்டும் போகலாம். பலர் எளிதான வழியைத் தேர்ந்தார்கள்: டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் மானிட்டரை உள்ளே வைத்தார்கள்.

2000களில் இதுவும் சுலபமாகிவிட்டது. 60-இன்-1 போர்டு சந்தைக்கு வந்தது. உள்ளங்கை அளவைவிடக் கொஞ்சம் பெரிது. அதே ஜாமா 56 இணைப்பு. உள்ளே கைபேசி வகைச் சில்லு, அறுபது பழைய ஆட்டங்கள், எதற்கும் உரிமம் கிடையாது. செருகினால் பாக்-மேன், கேலகா, டாங்கி காங் என்று பட்டியல் வரும். 2012ல் ராஸ்பெர்ரி பை வந்த பிறகு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கின.

லாப நஷ்டக் கணக்கு

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. பழைய பெட்டி சேகரிப்பவர்களுக்கு 60-இன்-1 என்றாலே கோபம் வரும். முதலில் நானும் இவர்களுக்கு என்ன வந்தது என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க அவர்கள் பக்க நியாயம் புரிந்தது.

பாக்-மேன் ஜாய்ஸ்டிக் நான்கு திசைக்கு மட்டும் அசையும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் மூலையில் திரும்பும்போது தடுமாறும், பேய் பிடித்துவிடும். டெம்பஸ்ட் ஆட்டத்துக்கு ஜாய்ஸ்டிக்கே கிடையாது, சுழலும் குமிழ். மிசைல் கமாண்டுக்கு உருட்டும் பந்து. ரோபோட்ரானுக்கு இரண்டு கையிலும் ஜாய்ஸ்டிக். ஆஸ்டிராய்ட்ஸ் ஓடிய டியூப் புள்ளி புள்ளியாகப் படம் காட்டாது, ஒளிக்கற்றையால் நேராகக் கோடு வரையும். அந்தப் பளிச்சென்ற கோட்டை எந்தச் சாதாரணத் திரையிலும் பார்க்க முடியாது. அறுபது ஆட்டத்துக்குப் பொதுவாக ஒரு பட்டன் பலகை வைத்தால், அறுபதும் ஓடும். அறுபதில் பலவற்றை அவை ஆடப்பட்ட விதத்தில் ஆட முடியாது. பெட்டி வேறு, ஆட்டம் வேறு என்று சொன்னேன் இல்லையா? முழுக்க உண்மை இல்லை. பெட்டியும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான்.

சரி, அப்படியானால் மாற்றியவர்கள் எல்லாம் வில்லன்களா? அதுவும் இல்லை. கேப்காமின் 1993ஆம் வருஷத்து சிபிஎஸ்-2 போர்டைப் பாருங்கள். யாரும் கள்ள நகல் எடுத்து வேறு பெட்டியில் செருகக்கூடாது என்று ஆட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். பூட்டின் சாவி ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், ஆட்டம் செத்துவிடும். சேகரிப்பவர்கள் இதைத் தற்கொலை பேட்டரி என்கிறார்கள். அசலைத் தொடாமல் கண்ணாடிக்குள் பூஜை செய்து வைத்திருந்தாலும் அது ஒருநாள் தானே சாகும். 2007ல் அந்தப் பூட்டின் ரகசியத்தை உடைத்தவர்கள் மேம் குழுவோடு சேர்ந்தவர்கள், அதில் ஒருவர் அதே சால்மோரியா. 2016ல் செத்த போர்டுக்குச் சாவியைத் திரும்ப ஊட்டும் வழியையும் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக, அசலை அழிப்பவர்கள் என்று பெயர் வாங்கிய கூட்டத்திலிருந்துதான் அசலைக் காப்பாற்றிய கையும் வந்தது.

ஒரு கற்பனைப் பெட்டியின் பேரேடு போட்டுப் பார்த்தேன். 1980ல் ரேடார் ஸ்கோப்பாக வரவு. 1981ல் டாங்கி காங். 80களின் நடுவில் விஎஸ் கிட். 90களில் ஜாமா ஒயர், ஏதோ ஒரு சண்டை ஆட்டம், கறுப்பு பெயின்ட். 2000களில் 60-இன்-1. இன்று ஒருவர் அதை வாங்கி "அசல் நிலைக்குக் கொண்டுவருகிறேன்" என்று உட்கார்ந்தால், எந்த அசல்? பெரும்பாலும் டாங்கி காங்கில் நிறுத்துவார். அதுவே ஒரு மாற்றம்தான் என்பது அவருக்கும் தெரியும். யாரும் ரேடார் ஸ்கோப்புக்காக அழுவதில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த விடை இது. மாற்றுவது தப்பில்லை, மாற்றியதைத் திரும்ப மாற்ற முடியாமல் செய்வதுதான் தப்பு. 1981ல் அரகாவா முன்னால் 2,000 பெட்டியும் ஒரு கடனும் இருந்தன, அவருக்கு வேறு வழியில்லை. 1985ல் கறுப்பு பெயின்ட் அடித்த மெக்கானிக்குக்கு நாளைக் காலை கடை திறக்க வேண்டும். அவர்கள் செய்தது பிழைப்பு. இன்று வீட்டு ஹாலில் வைக்க மாற்றுகிறவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. அதனால் அவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். முழுசாக, ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய பெட்டியில் கை வைக்காதே. ஏற்கனவே குடல் உருவப்பட்ட பெட்டியை எடு, அது எத்தனையோ கிடக்கிறது. ஒயரை வெட்டாதே, இடையில் ஓர் அடாப்டர் போடு. கழற்றிய போர்டையும் டியூபையும் குப்பையில் போடாமல் பெட்டிக்குள்ளேயே கட்டி வை. அடுத்து வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

தேய்மானக் கணக்கில் பத்தாம் வருஷம் அந்தப் பெட்டியின் மதிப்பு பூஜ்யம். புத்தகப்படி சரிதான். ஆனால் புத்தக மதிப்பு பூஜ்யமான அந்தப் பெட்டியைத்தான் இன்று ஒருவர் தேடி அலைகிறார், இன்னொருவர் கிடைத்ததும் உடைத்துப் போடுகிறார். எந்தப் பத்தியில் இதை எழுதுவது மேடம்?

அடுத்த பதிவில் சந்திப்போம். அதற்குள் செமஸ்டர் வராமல் இருந்தால். :-)

பி.கு.: உங்கள் வீட்டுப் பரணிலோ, தெரிந்தவர் கடைக் கிடங்கிலோ பழைய வீடியோ கேம் பெட்டி ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன்னால் பின்கதவைத் திறந்து உள்ளே என்ன போர்டு இருக்கிறது என்று ஒரு போட்டோ மட்டுமாவது எடுத்து வையுங்கள். பழைய டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.